அரசி ஆளாத நாடு

எறும்புக் கூட்டத்திற்கு ஓர் அரசி உண்டு என்று நாம் இளம் வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். அரசி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மனம் ஒரு கொலுமண்டபத்தைக் கட்டிவிடுகின்றது. நடுவில் அரசி, இரு பக்கமும் மந்திரிகள், வாயிலில் சேனை. சுவரோரமாக எறும்புகள் சாரை சாரையாகப் போவதைக் கண்டால், உள்ளேயிருந்து யாரோ கட்டளை பிறப்பித்திருக்கின்றார், அதைத் தலைமேற்கொண்டு படை புறப்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்கின்றோம்.

உண்மை அதுவன்று. எறும்பின் அரசி ஆளுவதில்லை. அது எவருக்கும் கட்டளையிடுவதில்லை. எந்த வழக்கையும் தீர்ப்பதில்லை. இருட்டறை ஒன்றில் கிடந்து முட்டையிடுவதே அதன் வாழ்நாள் வேலை. பின்னர் ஏன் அதனை அரசி என்கின்றோம்? மனிதன் தான் அறிந்த உலகத்தின் பெயர்களை அறியாத உலகத்துக்கும் சூட்டிவிடுகின்றான். மேனாட்டார் நெடுங்காலம் தேன்கூட்டில் ஓர் அரசன் இருப்பதாக எண்ணியிருந்தனர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் யான் ஸ்வாம்மர்டாம் அந்த அரசனை அறுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே சூலகங்கள் இருந்தன! அரசன் அரசியானான். 1747-இல் வில்லியம் கௌல்டு என்ற ஆங்கிலப் பாதிரியார் எறும்புகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சிறகு முளைத்துப் பறக்கும் பெரிய எறும்புகள் வேறோர் இனம் அல்ல, அவையே பின்னர்ச் சிறகுதிர்த்து அரசிகளாகின்றன என்று அவர் கண்டு கூறினார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதனோடு ஒட்டிய மயக்கமும் நிலைத்துவிட்டது.

அந்த மயக்கத்தை விலக்கிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஓர் எறும்புக் குடியில் யார் கட்டளையிடுவது என்ற கேள்வியே இல்லை. யார் முட்டையிடுவது என்பதே அங்கே கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு ஒவ்வோர் எறும்பினமும் ஒவ்வொரு விடை கண்டிருக்கின்றது. அந்த விடைதான் அக்குடியின் அரசியல் சட்டம். வீட்டின் அமைப்பு, வேலைப் பங்கீடு, குடியின் ஆயுள், அது பெருகும் வழி யாவும் அந்தச் சட்டத்திலிருந்தே கிளைக்கின்றன. இன்று அதைப் பற்றித்தான் சொல்லப் போகின்றேன்.

இதைப் படிக்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஏரிக்கரை, நெல்வயல், பாறைக்குன்று, முட்புதர்க்காடு, பனஞ்சாலை, கடைசியில் சவுக்குத்தோப்பும் கடல்மணலும் என்று ஒரு சிறு பயணத்துக்குள் பலவகை நிலம் வந்துபோகும். நான் அவ்வழியே பலமுறை சென்றிருக்கின்றேன். நிலம் மாறும்போதெல்லாம் எறும்பும் மாறுவதைக் கவனித்திருக்கின்றேன். மரத்தடியில் கட்டெறும்பு, மாந்தோப்பின் கிளைகளில் முசுறு, வரப்பு மண்ணில் சுருக்கென்று கடிக்கும் நெருப்பெறும்பு, கோயில் மதிலின் கல்லிடுக்குகளில் ஒருவரையும் துன்புறுத்தாத பிள்ளையார் எறும்பு. உலகில் 14,000-க்கு மேற்பட்ட எறும்பினங்களுக்கு அறிஞர்கள் பெயரிட்டிருக்கின்றனர். இந்தியாவில் மட்டும் 800-க்கு மேல் உண்டு.

இவற்றுள் கட்டெறும்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அது பெரியது, கண்ணுக்கு எளிதில் புலப்படுவது. கோடை மழைக்குப் பிறகோ பருவமழையின் தொடக்கத்திலோ, காற்றில் ஈரம் மிகுந்த ஒரு நாளில், கட்டெறும்பு வளையின் வாயிலில் பரபரப்பு மிகும். சிறகுள்ள எறும்புகள் வெளியே வரும். அவற்றில் சிறியவை ஆண்கள். பருத்தவை கன்னி அரசிகள். ஓர் ஊரிலுள்ள பல வளைகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் தம் மக்களை வெளியே விடுகின்றன. ஒரு வளையில் பிறந்தவை வேறு வளையில் பிறந்தவற்றோடு கூடுவதற்கு அதனால் வாய்ப்பு உண்டாகின்றது. இதனை மணப்பறத்தல் என்று கூறலாம்.

மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி மொய்க்கும் ஈசலும் எறும்புதானா என்று மாணவர் பலர் என்னைக் கேட்டிருக்கின்றனர். ஈசல் எறும்பு அன்று. அது கறையானின் சிறகுள்ள பருவம். எறும்பு குளவிக்கும் தேனீக்கும் உறவு. கறையானோ கரப்பான் பூச்சிக்கு உறவு. வேறுபாட்டைக் கையில் எடுத்தே பார்த்துவிடலாம். எறும்புக்கு இடை மிகச் சிறுத்திருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். முன்சிறகு பெரிதாயும் பின்சிறகு சிறிதாயும் இருக்கும். ஈசலுக்கு இடை ஒடுங்கியிராது. உணர்கொம்பு மணிமாலைபோல் நேராக இருக்கும். நான்கு சிறகுகளும் ஒரே நீளம்.

ஈசலின் காலத்தை நம்மினும் நன்றாக அறிந்தவர்கள் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர்கள். எந்தப் புற்று எந்த மழைக்குத் திறக்கும் என்பதை அவர்கள் மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். புற்றின் அருகில் குழி தோண்டி, விளக்கை வைத்து, வெளிச்சத்தை நாடி வந்து விழும் ஈசலை அள்ளிச் சேர்ப்பார்கள். வறுத்து உண்ணும்போது அது கொழுப்பும் புரதமும் நிறைந்த நல்ல உணவாகின்றது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நச்சுமுறி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருபவர்களும் இவர்களே. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது என்ற பழமொழியை நாம் ஏட்டில் படிக்கின்றோம்; அவர்கள் அதைக் கண்ணால் கண்டு தொழில் செய்கின்றனர்.

கறையானின் அரசியல் சட்டம் ஒரு வகை. ஆணும் பெண்ணும் சிறகுதிர்த்து, சேர்ந்தே மண்ணுக்குள் இறங்கி, சேர்ந்தே குடியைத் தொடங்குகின்றன. அங்கே அரசனும் உண்டு. அரசியோடு அது வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கின்றது. புற்றெடுக்கும் கறையானின் வேலைக்காரர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. எறும்பின் சட்டம் முற்றிலும் வேறு. மணம் முடிந்ததும் ஆண் எறும்பின் கதை முடிந்தது. சில நாட்களில் அது இறந்துவிடும். எறும்பு வளையில் வேலை செய்யும் அத்தனையும் பெண்களே. சர்க்கரை டப்பாவில் நாம் காணும் எறும்பு எதுவும் ஆண் அன்று.

ஆண் இறந்துவிடுகின்றது, ஆயினும் அது கொடுத்த விந்து இறப்பதில்லை. அரசியின் வயிற்றில் அதற்கென ஒரு சிறு பை உண்டு. ஒரு நாள் பெற்ற அந்தச் சேமிப்பைக் கொண்டே அரசி தன் ஆயுள் முழுவதும் முட்டைகளைக் கருவுறச் செய்கின்றது. அந்த ஆயுளும் சிறிதன்று. ஐரோப்பாவின் கருந்தோட்ட எறும்பில் ஓர் அரசி ஆய்வுக் கூண்டில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றது. பூச்சிகளில் இது மிகப் பெரிய ஆயுள்.

ஆனால் அந்த நிலையை எட்டும் அரசிகள் மிகச் சில. பறந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் காக்கையும் மைனாவும் பல்லியும் தவளையும் தின்றுவிடும். தப்பிய கட்டெறும்பு அரசி தரையில் இறங்கி, தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, மண்ணில் சிறு அறை தோண்டி உள்ளே அடைத்துக்கொள்ளும். இனி அது வெளியே வராது; உணவும் கிடையாது. பறப்பதற்கென்று மார்பில் அமைந்திருந்த தடித்த தசைகள் இனி அதற்கு வேண்டாதவை. அத்தசைகளும் உடம்பிலுள்ள கொழுப்பும் உள்ளுக்குள்ளேயே கரைந்து உணவாக மாறும். அதைக் கொண்டுதான் அரசி முட்டையிட்டு, பொரிந்த முதற் புழுக்களுக்கு ஊட்டுகின்றது. சில வாரங்களுக்குப் பின்னர் முதல் வேலைக்கார எறும்புகள் உருவாகும். அவை போதிய உணவின்றி வளர்ந்தவையாதலால் மிகச் சிறியனவாக இருக்கும். அவை அடைப்பைத் திறந்து வெளியே சென்று இரை கொண்டுவந்தால் குடி பிழைத்தது. இல்லையேல் அறையே கல்லறை. அரசி என்று நாம் பெயரிட்ட அந்த உயிர் உண்மையில் ஒரு தனித்தாய். குடி நிலைபெற்ற பிறகு அதற்கு முட்டையிடுதல் ஒன்றே தொழிலாகின்றது.

முட்டையிலிருந்து கால் இல்லாத வெண்புழு வெளிப்படும். அது வளர்ந்து கூட்டுப்புழுவாகி, பின்னர் எறும்பாகும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வாறு தூக்கிச் செல்லும் அரிசிமணி போன்ற வெண்பொருள்கள் பெரும்பாலும் முட்டைகள் அல்ல. முட்டை மிகச் சிறியது. வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகவே தோன்றும். நாம் காண்பவை புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. தாதியர் குழந்தைகளை ஈரமும் வெப்பமும் ஏற்றவாறு உள்ள இடத்துக்கு நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருப்பர்.

இனி ஒரு வியப்பான செய்தி. அரசி ஒரு முட்டையை விந்து சேர்த்தும் இடலாம்; சேர்க்காமலும் இடலாம். விந்து சேர்ந்த முட்டை பெண்ணாகும். சேராத முட்டை ஆணாகும். ஆகவே ஆண் எறும்புக்குத் தந்தை கிடையாது. ஆனால் தாயின் தந்தையாகிய பாட்டன் உண்டு! பெண்ணாகப் பிறக்கும் புழு அரசியாகுமா, வேலைக்காரியாகுமா என்பதைப் பல இனங்களில் ஊட்டப்படும் உணவும் வளரும் சூழலும் தீர்மானிக்கின்றன. ஊட்டுபவர் யார்? வேலைக்காரிகள். அடுத்த அரசி யார் என்பதில்கூட இன்றைய அரசிக்கு முழு அதிகாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தாம் பிள்ளை பெறாமல் பிறர் பிள்ளையை வளர்க்கும் இந்த வேலைக்காரிகள் சார்லஸ் டார்வினை மிகவும் குழப்பினர். தனக்கு நலம் தரும் இயல்பு சந்ததி வழியாகவே பரவும் என்பது 1859-இல் வெளியான அவருடைய நூலின் அடிப்படை. சந்ததியே இல்லாத வேலைக்காரியின் இயல்பு எவ்வாறு பரவும்? குடும்பத்தையே ஓர் அலகாகக் கொள்ள வேண்டும் என்று அவர் ஒரு வழி காட்டினார். அதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர் வில்லியம் ஹாமில்டன், ஆண்டு 1964. கணக்கு எளியது. ஆணுக்கு ஒரு தொகுதி மரபணுக்களே உண்டாகையால், ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரிகள் அனைவரும் தந்தை வழியில் ஒரே பங்கைப் பெறுகின்றனர். தாய் வழியில் பெறும் பாதியில் சராசரியாகப் பாதி ஒத்திருக்கும். ஆக, சகோதரிகளுக்கிடையே உள்ள ஒற்றுமை முக்கால் பங்கு. தாய்க்கும் மகளுக்கும் உள்ள ஒற்றுமையோ அரைப் பங்குதான். தன் மகளைக் காட்டிலும் தங்கையே நெருங்கிய உறவாகும்போது, தங்கையை வளர்ப்பது நட்டமாகாது அல்லவா? ஆயினும் இதுவே முழு விடை என்று எண்ணிவிடக் கூடாது. அரசி பல ஆண்களோடு கூடும் இனங்களில் இந்தக் கணக்கு மாறும். கறையானில் ஆணுக்கும் தாயும் தந்தையும் உண்டு. இந்த முக்கால் கணக்கு அங்கே இல்லை. ஆயினும் அதுவும் பெரும் குடியாகத்தான் வாழ்கின்றது.

கட்டளையில்லாமல் இத்தனை வேலை எவ்வாறு ஒழுங்காக நடைபெறுகின்றது? பெரும்பாலான எறும்புகளில் வயது ஒரு வழிகாட்டி. இளையவை உள்ளே இருந்து குழந்தைகளைப் பேணும். நடுவயதில் வளையைத் தோண்டிச் சீர்செய்யும். முதியவை வெளியே இரை தேடும். வெளியே ஆபத்து மிகுதி. இன்னும் பல நாள் உழைக்கக்கூடிய உயிரைவிட முதிர்ந்த உயிரை அனுப்புவதே குடிக்குச் சிக்கனம். இன்னொரு வழிகாட்டி மணம். இரையைக் கண்ட நெருப்பெறும்பு திரும்பும்போது தன் கொடுக்கைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு மணப்பொருளைக் கோடாக இட்டுச் செல்லும். அம்மணத்தை முகர்ந்து பிற எறும்புகள் இரைக்குப் போகும். அவையும் மணமிட்டுத் திரும்பும். இரை தீர்ந்தால் மணமிடுவது நிற்கும். கோடு ஆவியாகி மறையும். இதில் எந்த எறும்பும் முழுச் செய்தியை அறியாது. ஒவ்வொன்றும் தன் மூக்கின் முன் உள்ளதை மட்டுமே அறியும். சிற்றறிவுகள் கூடி ஒரு பேரறிவு போல் நடந்துகொள்கின்றன. இந்த முறையைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, பல ஊர்களைக் குறைந்த தூரத்தில் சுற்றிவரும் வழி காணும் கணக்கைத் தீர்க்கலாம் என்று இத்தாலிய அறிஞர் மார்க்கோ டொரிகோ 1992-இல் காட்டினார்.

எறும்பு ஓயாது உழைக்கும் என்று நாம் புகழ்வதிலும் ஒரு திருத்தம் வேண்டும். எறும்புகளுக்குத் தனித்தனியே வண்ணப்பொட்டு இட்டுக் கவனித்த ஆய்வாளர்கள், சில இனங்களில் எந்த நேரத்திலும் கணிசமான பங்கு எறும்புகள் ஒன்றும் செய்யாமல் இருப்பதைக் கண்டனர். உழைப்பவற்றை அகற்றினால் சும்மா இருந்தவற்றுள் சில வேலைக்கு வந்தன. ஓய்வும் அங்கே ஒரு சேமிப்பு.

இனி மாந்தோப்புக்குள் செல்வோம். அங்கே உள்ள முசுறு மண்ணில் வளை தோண்டுவதில்லை. பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்துப் பந்துபோல் கூடு கட்டுகின்றது. சங்க நூல்களில் முயிறு என்று வழங்கும் பெயர் இதற்கு உரியதே. இரண்டு இலைகள் எட்டாத தூரத்தில் இருந்தால், ஓர் எறும்பின் இடையை மற்றோர் எறும்பு கவ்வ, அதன் இடையை வேறொன்று கவ்வ, உயிருள்ள சங்கிலி ஒன்று உருவாகும். இலை விளிம்புகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் கூட்டிலிருந்து புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வரும். புழு தன் வாயிலிருந்து பட்டிழையை வெளியிடும். தறியில் நாடா ஓடுவதுபோல் எறும்பு அப்புழுவை இவ்விளிம்புக்கும் அவ்விளிம்புக்குமாக அசைத்து இலைகளைத் தைத்துவிடும். 1905-இல் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் டோஃப்ளைன் இலங்கையில் இச்செயலை நேரில் பார்த்து விவரித்தார். பிற எறும்பினங்கள் பலவற்றில் புழு தன் பட்டைக் கொண்டு தனக்கென ஒரு கூடு நெய்துகொள்ளும். முசுறின் புழுவோ தன் பட்டை ஊர்க் கூட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தான் வெற்றுடம்போடு கூட்டுப்புழுவாகின்றது. குழந்தையும் வரி செலுத்தும் நாடு அது.

ஒரு முசுறுக் குடி பல மரங்களில் பரந்து பல கூடுகளைக் கட்டியிருக்கும். ஆனால் அரசி பொதுவாக ஏதோ ஒரு கூட்டில்தான் இருக்கும். அதன் முட்டைகளும் குஞ்சுகளும் பிற கூடுகளுக்குச் சுமந்து செல்லப்படுகின்றன. அரசி இறந்துவிட்டால் என்ன ஆகும்? வேலைக்காரிகள் தாமே முட்டையிடத் தொடங்குகின்றன. அவை மணம் செய்துகொண்டவை அல்ல, விந்து இல்லை, ஆகவே பிறப்பவை ஆண்கள் மட்டுமே. வேலை செய்யப் புதிய மகளிர் இல்லை. கூடுகள் ஒவ்வொன்றாகப் பழுதுறும். இருக்கும் எறும்புகள் முதிர்ந்து மறைய, குடி அவிந்துபோகும். சீனத்தின் தென்பகுதியில் எலுமிச்சை, நாரத்தை இன மரங்களைப் பூச்சிகளிலிருந்து காக்க இவ்வெறும்புகளைப் பல நூற்றாண்டுகளாக வளர்த்து வருகின்றனர். அரசியுள்ள கூட்டைக் கொண்டுவந்தால்தான் காவல் நீடிக்கும் என்பதைத் தோட்டக்காரர் மறக்கலாகாது.

அரசி இறந்தால் குடியும் இறக்க வேண்டும் என்பது எல்லா எறும்பினங்களுக்கும் பொதுவான விதியா? இல்லை. இவ்விடத்தில் நாம் நம் சாலையை விட்டுத் தென்னிந்தியாவின் மேற்குப் பக்கத்துக் காடுகளுக்குப் போக வேண்டும். அங்கே நீண்ட தாடைகளும் பெரிய கண்களும் உடைய ஓர் எறும்பு உண்டு. அது இரையின்மேல் பாய்ந்து கவ்வும். ஆகவே தாவும் எறும்பு என்பர். இதனை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர் தாமஸ் ஜெர்டன். சென்னைப் பட்டாளத்தில் மருத்துவராக இருந்தவர். தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை அவர் 1851-இல், சென்னையிலேயே வெளிவந்த இலக்கிய விஞ்ஞான இதழ் ஒன்றில் வெளியிட்டார்.

இந்தத் தாவும் எறும்பில் அரசி இறந்ததும் வேலைக்காரிகள் இருவர் இருவராக எதிர்நின்று உணர்கொம்புகளால் ஒருவரையொருவர் அடித்துப் போட்டியிடுகின்றனர். போட்டி பல நாட்கள் நீளும். சில சமயம் ஒரு மாதத்துக்கு மேலும் செல்லும். வென்ற சிலர் முட்டையிடும் உரிமை பெறுவர். இவ்வினத்து வேலைக்காரி ஆணோடு கூடவும் வல்லது; ஆகவே மகளிரும் பிறப்பர், குடியும் வாழும். வென்றவர் உடலில் நிகழும் மாறுதல் வியப்புக்குரியது. சூலகம் பெருக்கும், மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்! இருட்டறையில் இருந்து முட்டையிடுவதற்கு வேட்டைக்காரியின் மூளை வேண்டுவதில்லை போலும். சுமார் 7 மாதமாக இருந்த ஆயுள் 4 ஆண்டுவரை நீளும். அவ்வாறு மாறியவற்றைக் கூட்டத்திலிருந்து பிரித்துச் சில வாரம் தனியே வைத்தபோது சூலகம் ஒடுங்கிற்று; மூளை மீண்டும் பழைய அளவுக்கு வளர்ந்தது. 2021-இல் வெளியான இந்த ஆராய்ச்சி, வளர்ந்த மூளை சுருங்கவும் திரும்பி வளரவும் கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது. 2010-இல் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட முதல் இரண்டு எறும்பினங்களில் இதுவும் ஒன்று.

தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் காணப்படும் டயகாமா என்னும் கரிய எறும்பு இன்னும் ஒரு படி மேலே சென்றுவிட்டது. அதற்கு அரசி என்ற சாதியே இல்லை. வேலைக்காரியாகப் பிறக்கும் ஒவ்வொன்றின் மார்பிலும் சிறகின் எச்சமாக இரண்டு சிறு மொட்டுகள் இருக்கும். அம்மொட்டு உடையதே ஆணோடு கூட முடியும். முட்டையிடும் உரிமை பெற்ற ஒன்று, புதிதாகப் பிறக்கும் மற்றவற்றின் மொட்டுகளைக் கடித்து நீக்கிவிடும். நீக்கப்பட்டவை வாழ்நாள் முழுவதும் வேலைக்காரிகளே. அரசி பிறப்பால் வேறுபட்டவள் என்று நாம் கட்டெறும்பைப் பார்த்துக் கற்றோம். டயகாமாவிலோ ஒரு கடிதான் வேறுபாடு. இக்குடி மணப்பறத்தலால் பெருகுவதில்லை. ஒன்று இரண்டாகப் பிரிந்தே பெருகுகின்றது. வீடு மாறும்போது வழி தெரிந்த எறும்பு ஒன்று, தன்னைத் தொட்டுக்கொண்டே பின்வரும் எறும்பு ஒன்றை அழைத்துச் செல்லும். கொல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமனா அன்னகிரியும் அவர் மாணவர்களும் இந்த இட மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர்.

யார் முட்டையிடுகின்றார் என்ற அறிவு ஏட்டறிவு மட்டுமன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2022-இல் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியிலுள்ள கரந்தமலைக் காட்டையும் அதன் சுற்றுக் கிராமங்களையும் மஞ்சள் எறும்புகள் திரளாகப் பரவி வருத்தின. வெறிபிடித்தாற்போல் இங்குமங்கும் ஓடும் இவ்வெறும்பு கடிப்பதில்லை, அமிலத்தைப் பீய்ச்சுகின்றது. ஆடு மாடுகளின் கண்கள் கெட்டன. மக்கள் உடலில் தடிப்பு எழுந்தது. மேய்ச்சலும் பயிர்த்தொழிலும் இடர்ப்பட்டன. கடலிடைத் தீவுகள் பலவற்றிலும் பெருங்கேடு விளைத்த இனம் இது. இதன் வலிமை எங்கே உள்ளது? ஒரு குடியில் பல அரசிகள் இருக்கும். புதிய அரசி பறந்து தனியே போய்ப் பசித்துக் கிடக்க வேண்டியதில்லை. சில வேலைக்காரிகளோடு பக்கத்திலேயே நடந்து சென்று புதுக் குடி வைத்துவிடும். பறவைக்கும் பல்லிக்கும் இரையாகும் அந்தப் பெரும் சோதனையை அது பெரும்பாலும் தாண்டிவிடுகின்றது. அண்டைக் குடிகளும் தம்முள் பகைகொள்வதில்லை. ஆயிரம் வேலைக்காரிகளைக் கொன்றாலும் அரசிகள் உள்ளே இருக்கும்வரை ஆயிரமாயிரம் மீண்டும் தோன்றும்.

நம் வீட்டிலும் இதுவே விதி. வரிசையில் செல்லும் எறும்பின்மீது மருந்துத் தூளைத் தூவினால் இரை தேட வந்த முதியவைதான் மடிகின்றன. தாயும் குழந்தைகளும் அப்படியே இருப்பர். மெதுவாகச் செயற்படும் மருந்தை இரையில் கலந்து வைத்தால், வேலைக்காரிகள் அதனைத் தாமே சுமந்து சென்று வாயோடு வாய் வைத்து வளை முழுவதும் ஊட்டிவிடும். எறும்பை அடக்க விரும்புபவரும் எறும்பைக் காக்க விரும்புபவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இங்கே முட்டையிடுவது யார், எத்தனை பேர், எங்கே?

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். ஒரு துளி வெல்லப்பாகை ஓர் இலையில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வரும் எறும்புகளை எண்ணிக் குறித்துவையுங்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று, பிறகு திடீரென்று கூட்டம் பெருகுவதைக் காண்பீர்கள். அவற்றின் வழியின் குறுக்கே ஈரவிரலால் ஒரு கோடு தேய்த்துவிட்டு, அவை தயங்குவதையும் மீண்டும் வழி காண்பதையும் எத்தனை நேரம் என்று குறியுங்கள். மழை பெய்த மறுநாள் சிறகுள்ள பூச்சி ஒன்று கிடைத்தால், அது ஈசலா எறும்பா என்று மேலே சொன்ன அடையாளங்களைக் கொண்டு சோதியுங்கள். சிறகுதிர்ந்த ஒரு பெரிய எறும்பு தனியே தரையில் ஓடக் கண்டால் மட்டும் மிதியாமல் விலகி நில்லுங்கள். இடம் தேடி அலையும் அந்த ஒன்று பிழைத்தால், நாளை ஆயிரக்கணக்கான மகளிர் வாழும் ஒரு நாடு அந்த மண்ணுக்கடியில் இருக்கும்.